குட்டி கொடுப்பவர்கள் வீடு பார்க்க வருகிறார்கள்

1

போன சனிக்கிழமை எங்கள் வீட்டைப் பார்க்க ஒரு பெண்மணி வந்தார். எங்களுக்கு ஒரு நாய்க்குட்டியைக் கொடுக்கலாமா கூடாதா என்று முடிவு செய்வதற்காக, மழையில் ஒரு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வந்தார். கடலூரில் உட்கார்ந்து இதைப் படிக்கும் நீங்கள் சிரிப்பது இங்கே அபர்தீனில் எனக்குக் கேட்கிறது. நானும் சிரித்தவள்தான். காசு கொடுத்து வாங்கப்போகிறோம், விற்கிறவர் எதற்கு என் அடுப்படியை எட்டிப் பார்க்க வேண்டும் என்று என் கணவர் சேகரிடம் ஒரு வாரம் புலம்பினேன்.

நாங்கள் இந்த ஸ்காட்லாந்து ஊருக்குச் சுனாமிக்கு அடுத்த வருஷம் வந்தோம். சேகருக்கு நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் ரிக்கில் வேலை. மூன்று வாரம் கடல், மூன்று வாரம் கரை. கரையில் இருக்கும் நாளிலும் பாதி, டிரெயினிங் என்றும் பரீட்சை என்றும் சர்டிபிகேட் புதுப்பிப்பது என்றும் ஓடிவிடும். நான் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, படுக்கை மாற்றுவது. காலை எட்டு மணிக்கு உள்ளே போனால் இரவு எட்டு மணிக்குத்தான் வெளியே வருவேன். குளிர்காலத்தில் இரண்டு வேளையும் இருட்டாகவே இருக்கும்.

எங்களுக்கு ஒரே மகள், மெர்சி. வந்தபோது ஏழு வயது. இப்போது பதினான்கு. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள். சரி என்று நான் இங்கிலீஷில் கேட்டால் தோளைக் குலுக்குவாள். பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்றால் எதுவும் வேண்டாம் என்பாள். அப்படிப்பட்டவள் இந்த ஜனவரியில் வாய் திறந்து என்னிடம் ஒன்று கேட்டாள். அதுதான் நாய்க்குட்டி.

அதை எப்பாடு பட்டாவது வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே துடிப்பு. வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேனே, எனக்கு நாய் மேல் பெரிய பிரியமெல்லாம் கிடையாது. அதைக் கொடுத்தால் மகள் என் பக்கம் திரும்புவாள் என்று நம்பினேன். இன்னும் நாலு வருஷத்தில் காலேஜ் என்று கிளம்பிவிடுவாள், அதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும் என்ற பதற்றம் எனக்கு.

2

இந்த ஆசை அவளுக்கு வந்தது சிதம்பரத்தில். என் தம்பி வின்சென்ட் அங்கே வண்டிகேட் பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறான். வீட்டு மொட்டை மாடியில் லாப்ரடார் நாய் வளர்த்துக் குட்டிகளை விற்பது அவனுக்கு உபதொழில். கடையைவிட மாடியில்தான் வருமானம் ஜாஸ்தி என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

போன ஜூலையில் லீவுக்குப் போனோம். வழக்கம்போல எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இங்கே இருந்தால் எப்போது அங்கே போவோம் என்று இருக்கும். அங்கே போய் இறங்கிய மறுநாளே ரிட்டர்ன் டிக்கெட்டை எடுத்துத் தேதி பார்ப்பேன். கடலூர் முதுநகரில் பூட்டிக் கிடந்த எங்கள் அப்பா வீட்டைத் திறந்து கூட்டினேன். தேவனாம்பட்டினம் போய்க் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தபடி நின்றேன். மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். அதற்கப்புறம் என்ன செய்வது என்று தெரியவில்லை. மெர்சி நெட் கிடைக்கவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவும் மகளும் ஆளுக்கொரு மூலையில் உட்காருவதற்கா இவ்வளவு செலவு பண்ணி வந்தோம் என்று அவளைக் கிளப்பிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன்.

வின்சென்ட்டின் நாய் ஜூலி அப்போதுதான் ஆறு குட்டி போட்டிருந்தது. கண் திறந்து, தத்தித் தத்தி நடக்கத் தொடங்கியிருந்தன. மெர்சி மாடி ஏறினாள். அதோடு சரி, கீழே இறங்கவில்லை. சாப்பாட்டுத் தட்டைக்கூட மேலேயே கொடுத்தனுப்ப வேண்டியதாயிற்று.

வின்சென்ட் குட்டிகளை ஒரு மாதத்திலேயே கொடுத்துவிடுவான். வாங்குகிறவர்கள் உள்ளங்கையில் அடங்குவதைத்தான் கேட்கிறார்கள், வளர்ந்துவிட்டால் விலை இறங்கிவிடும் என்பான். வருகிறவர்கள் ஒவ்வொரு குட்டியாகக் கழுத்துத் தோலைப் பிடித்துத் தூக்கிப் பார்ப்பார்கள். கத்தாத குட்டிதான் ரோஷமான குட்டியாம். பிறகு காலைப் பிரித்து நகத்தை எண்ணுவார்கள். நகக் கணக்கு சரியாக இருந்தால் வீட்டுக்கு யோகம் என்பார்கள். அவ்வளவுதான் பரீட்சை. அட்டைப் பெட்டியில் ஒரு துண்டைப் போட்டுக் குட்டியை வைத்து ஸ்கூட்டரில் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். போன குட்டி என்ன ஆனது என்று இவனும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை.

இதற்கு நடுவில் என் மகள் போய் உட்கார்ந்தாள். ஸ்காட்லாந்தில் நாய் வளர்ப்பது பற்றி அவள் எதையெல்லாம் படித்திருந்தாளோ தெரியாது. முதலில் வந்தவர் ஒரு லாட்ஜ் முதலாளி. குட்டியைத் தூக்கியவரிடம் அவள் தன் உடைந்த தமிழில் கேட்டாள்.

"பகல்ல யார் இருக்கும் உங்க வீட்ல?"

அவருக்குப் புரியவில்லை. வீட்டில் இல்லை, லாட்ஜ் வாசலில் கட்டிவைக்கத்தான் என்றார். ராத்திரி எங்கே படுக்கும், வெயிலுக்கு என்ன ஏற்பாடு, ஊசி போட யார் கூட்டிக்கொண்டு போவார்கள் என்று அவள் அடுக்கிக்கொண்டே போனாள். மனிதர் குட்டியைக் கீழே வைத்துவிட்டு, கடையில் வந்து சோப்பு வாங்கினால் எங்கே குளிப்பாய் என்று கேட்பீர்கள் போலிருக்கிறதே என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

வின்சென்ட் என்னிடம் வந்து நின்றான். கோபத்தில் காது சிவந்திருந்தது.

"அக்கா, ஒம் பொண்ண மொதல்ல கீழ கூப்புடு. யாவாரத்தையே கெடுக்குறா."

கூப்பிட்டேன். அவள் வரவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஏழு வருஷத்தில் அவள் வாயிலிருந்து அவ்வளவு தமிழ் ஒரே நாளில் வந்து நான் கேட்டதில்லை.

மறுநாள் நெல்லிக்குப்பத்திலிருந்து மாணிக்கம் என்பவர் வந்தார். ஆலைக்குக் கரும்பு போடும் விவசாயி. வெளிர் பழுப்பில் ஒரு பெண் குட்டிக்கு ஏற்கனவே முன்பணம் கொடுத்து வைத்திருந்தார். மெர்சி ராத்திரியில் கனவு கண்டு உளறும் அளவுக்குப் பிரியம் வைத்திருந்ததும் அந்தக் குட்டியின் மேல்தான். அதை அபர்தீனுக்குக் கொண்டுபோக முடியாது என்று அவளுக்குத் தெரியும். அதனால் மாணிக்கத்துக்கு மட்டும் கேள்விகள் இரண்டு மடங்கு. அவர் கோபப்படாமல் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கடைசியில் மெர்சி, உங்கள் வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் தருவோம் என்றாள்.

வின்சென்ட் தலையில் கை வைத்துக்கொண்டான். அவன் மனைவி ரோஸிதான் மாடிப்படியில் நின்றபடி சிரித்தாள். "பொண்ணு குடுக்குறவுங்க மாப்ள வீடு பாக்குறதில்லயா அண்ணி? அவ கேக்குறதுல என்னா தப்பு? போயிட்டுத்தான் வருவமே."

மாணிக்கத்துக்கு அது மரியாதையாகப் பட்டுவிட்டது. தாராளமாக வாருங்கள், வெள்ளிக்கிழமை நாள் நல்லா இருக்கிறது என்றார்.

3

வீடு பார்க்கப் போகிறோம் என்று ஆனபிறகு ரோஸியால் வெறுங்கையோடு கிளம்ப முடியவில்லை. இரண்டு சீப்பு வாழைப்பழம், ஒரு பாக்கெட் ஸ்வீட், மூன்று முழம் மல்லி. நாய் விஷயத்துக்கு எதற்கு மல்லி என்று வின்சென்ட் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே கார் ஓட்டினான். அவள் மல்லியை மடியில் வைத்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தாள்.

அங்கே போய்ப் பார்த்தால் அவர்களும் சளைக்கவில்லை. வாசலில் கோலம். கூடத்தில் அக்கம்பக்கத்துச் சொந்தக்காரர்கள் நாலு பேர். மாணிக்கத்தின் மனைவி தனம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கேசரியோடு வந்தார். குட்டிக்கு என்று புது எவர்சில்வர் தட்டு, சலங்கை கோத்த கழுத்துப் பட்டை, பலகை அடித்துச் செய்த ஒரு பெட்டி. பெட்டிக்குள் புது மெத்தை.

பின்கட்டு முழுக்க பினாயில் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். கண் எரிந்தது. பெட்டியைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக எதையோ வரிசையாக வைத்திருந்தார்கள். குனிந்து பார்த்தேன். துணி அலமாரியில் போடுகிற பாச்சா உருண்டை. பூச்சி பொட்டு எதுவும் குட்டிகிட்ட அண்டக்கூடாது என்று தனம் பெருமையோடு சொன்னார்.

மெர்சி தரையில் மண்டியிட்டு அந்த உருண்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினாள். குட்டி எதைப் பார்த்தாலும் வாயில் போடும், இதில் ஒன்றைத் தின்றாலும் செத்துப்போகும் என்று திக்கித் திணறிச் சொன்னாள். பினாயில் தரையை நக்கினாலும் ஆபத்துதான் என்றாள். கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்து வேடிக்கை பார்த்தார்கள். தனத்தின் முகம் விழுந்துவிட்டது. பாவம், விருந்தாளி வருகிறார்கள் என்று விடியற்காலையிலிருந்து தேய்த்துக் கழுவியிருக்கிறார். அந்த வேலைக்குத்தான் இப்போது பேச்சு வாங்குகிறார். நான் மெர்சியின் தோளில் கிள்ளினேன். அவள் என் கையைத் தட்டிவிட்டு, எலி மருந்து எங்கே வைப்பீர்கள் என்று மாணிக்கத்தைக் கேட்டாள். அவர் அசராமல் மோட்டார் கொட்டகைக்கு அழைத்துப்போய்ப் பரணைக் காட்டினார்.

திரும்பி வந்தபோது சொந்தக்காரர் ஒருவர், சின்னப் பெண் இவ்வளவு பேசுவது நன்றாகவா இருக்கிறது என்று ஆரம்பித்தார். தனம் அவரை அடக்கினார்.

"கேக்கட்டும் மாமா. நல்லதுக்குத்தான கேக்குது. எங்கூட்ட பாத்தீங்க, கொற சொன்னீங்க, சரி. பொண்ணு எடுக்குற ஊட்ட நாங்களும் வந்து பாக்க வேணாமா?"

வின்சென்ட் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். அவர்கள் சும்மா பேச்சுக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் இரண்டு பேரும் சிதம்பரத்தில் வந்து இறங்கிவிட்டார்கள். தனம் தண்ணீர்கூடக் குடிக்காமல் நேராக மாடிக்குப் போனார். செருப்பை வாசலில் விட்டுவிட்டதால் சிமெண்டுத் தரையில் கால் வைக்க முடியாமல் இரண்டு முறை துள்ளினார். கூண்டுக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் தகடு. தண்ணீர்க் கிண்ணம் காய்ந்து கிடந்தது. ஜூலி நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. குட்டிகள் அதன் மடியில் முட்டிக்கொண்டிருந்தன.

"இன்னும் தாய்கிட்ட பால் குடிக்கிதுங்களே, இப்பவே எதுக்குப் பிரிக்கிறீங்க?" என்று தனம் கேட்டார். ஜனங்கள் சின்னதாகத்தான் கேட்கிறார்கள் என்றான் வின்சென்ட். ஊசி போட்டாயிற்றா என்றார். அது வாங்குகிறவர்கள் பாடு என்றான். பூச்சி மருந்து? அதுவும் அவர்கள் பாடுதான். தனம் விடுவதாக இல்லை.

"சரி, எங்கூட்டுக்கு வந்தப்பறம் ராத்திரில அழுதுதுன்னா நான் யாருக்குப் போன் பண்றது?"

"வித்ததுக்கு அப்பறம் நாங்க..." என்று ஆரம்பித்து வின்சென்ட் நிறுத்திக்கொண்டான்.

"பொண்ண குடுத்துட்டு போனகூட எடுக்க மாட்டீங்களா சம்பந்தி?"

ரோஸி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. வின்சென்ட்டுக்கு மட்டும் வரவில்லை. எனக்கே பண்ணுங்க, எந்நேரமானாலும் பண்ணுங்க என்று முணுமுணுத்தான். கடைசியில் இப்படி முடிவாயிற்று: குட்டி இரண்டு மாதம் தாயோடு இருக்கும், முதல் ஊசியும் பூச்சி மருந்தும் வின்சென்ட் பொறுப்பு, அதற்கப்புறம் அவர்கள் பொறுப்பு. அவர்கள் வீட்டு வாடை பழகட்டும் என்று தனம் தன் பழைய நூல் புடவை ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அதை மெர்சியே குட்டிகளுக்கு நடுவில் விரித்தாள். மறுநாள் வின்சென்ட் ஆள் வைத்துக் கூண்டுக்கு மேல் தென்னங்கீற்று போட்டான். ஆறு குட்டிக்கும் இன்னும் ஒரு மாதம் தீனி போட வேண்டும், உன் மகளால் எனக்கு நஷ்டம் என்று ஏர்போர்ட்டில் விடும்வரை சொல்லிக்கொண்டே வந்தான்.

4

குட்டி கைமாறுவதைப் பார்க்காமலேயே நாங்கள் திரும்பிவிட்டோம். லீவு என்பது எப்போதும் அப்படித்தான். எதுவும் முடிவதற்கு முன்னால் பெட்டி கட்ட வேண்டியிருக்கும்.

அபர்தீனுக்கு வந்ததும் மெர்சி ஊருக்குப் போன் பண்ணத் தொடங்கினாள். முன்பெல்லாம் மாமாவிடம் பேசு என்று ரிசீவரை நான் கையில் திணித்தால் ஹலோ, குட், ஓகே என்று மூன்று வார்த்தையில் முடிப்பாள். இப்போது அவளே ரோஸியைக் கூப்பிட்டு அத்தை, குட்டி எடை எவ்வளவு என்று கேட்டாள். வார்த்தை கிடைக்காதபோது என்னைப் பார்ப்பாள். நான் சொல்லிக் கொடுப்பேன். எங்களுக்குள் இருந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான், ஆனாலும் அந்த நேரத்துக்காக நான் காத்திருப்பேன்.

குட்டி நெல்லிக்குப்பம் போன அன்றே அழுதது. தனம் போன் பண்ணியிருக்கிறார். வின்சென்ட் போனிலேயே சமாதானம் சொல்லிப் பார்த்துவிட்டு, மறுநாள் கடையை ரோஸியிடம் விட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். அந்தப் புது மெத்தையை எடுத்துவிட்டுப் பழைய புடவையைப் பெட்டியில் போட்டதும் குட்டி அடங்கிவிட்டதாம். இதைச் சொல்லும்போது அவன் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. விற்ற குட்டியைத் திரும்பப் போய்ப் பார்த்தது அவன் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

டிசம்பர் கடைசியில் 'தானே' புயல் அடித்தது. கடலூர்ப் பக்கம் என்ன ஆனது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்களுக்குத்தான் எதுவும் தெரியவில்லை. ஒரு போனும் போகவில்லை. சேகர் ரிக்கில் இருந்தார். நான் டியூட்டிக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், நான் காலையில் விட்டுப்போன இடத்திலேயே மெர்சி போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஒருவழியாக வின்சென்ட் லைனில் வந்தான். மரம் விழுந்த ரோட்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டும் தூக்கிக்கொண்டும் முதுநகர் போயிருக்கிறான். அப்பா வீட்டுக் கூரையில் பாதி ஓடு இல்லை. கரண்ட் இல்லை. நான் ஓட்டைப் பற்றியும் கதவைப் பற்றியும் கேட்டுக்கொண்டிருந்தேன். மெர்சி என் கையிலிருந்து போனை வாங்கி, தனம் ஆன்ட்டி எப்படி இருக்காங்க என்று கேட்டாள். அங்கேயும் போய்விட்டுத்தான் வந்தேன் என்றான். மாணிக்கத்தின் கரும்பு மொத்தமும் தரையோடு படுத்துவிட்டது. குட்டியைக் காற்று அடித்த ராத்திரி முழுக்க தனம் அடுப்படியில் மடியிலேயே வைத்திருந்தாராம். இவனைக் கண்டதும் அழுதுகொண்டே, பொண்ணு ஊட்டுலேர்ந்து வந்துட்டாங்க என்று உள்ளே பார்த்துச் சொன்னாராம். அந்த நிலைமையிலும் டீ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

அன்றைக்கு ராத்திரிதான் மெர்சி என்னிடம், நமக்கும் ஒரு குட்டி வேண்டும் என்று கேட்டாள்.

5

நல்ல முறையில் குட்டி வளர்க்கிறவர் யார் என்று விசாரித்து மார்கரெட் என்பவரைப் பிடித்தோம். போனிலேயே அரை மணி நேரம் என்னை விசாரித்தார். சொந்த வீடா, தோட்டத்துக்கு வேலி உண்டா, பகலில் குட்டியோடு யார் இருப்பார்கள். இந்த நாட்டுக்கு விசா கேட்டபோதுகூட என்னை இப்படிக் குடையவில்லை. எனக்கு எரிச்சல் வந்தது. எரிச்சலில், நான் பெரும்பாலும் வீட்டில்தான் இருப்பேன் என்று சொல்லிவிட்டேன். சரி, வந்து பார்க்கிறேன் என்றார்.

சேகரிடம் சொன்னேன். அதனால் என்ன, எல்லோரும் சொல்வதுதான் என்றார். மெர்சியிடம், "கேட்டா அம்மா வீட்லதான் இருப்பாங்கன்னு சொல்லு, என்னா?" என்றேன். தோளைக் குலுக்கினாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் ஒரு வாரம் அவள் வீட்டையே புரட்டிப் போட்டாள். குட்டியின் உயரத்தில் என்னென்ன தெரியும் என்று தரையில் குப்புறப் படுத்து அறை அறையாக ஊர்ந்தாள். சோபாவுக்கு அடியிலிருந்து என் ஹேர்பின், சேகரின் தலைவலி மாத்திரை, பழைய பேட்டரி எல்லாம் வந்தன. ஒயர்களைச் சுருட்டிக் கட்டினாள். வேலியில் இரண்டு இடத்தில் சந்து இருப்பதைக் கண்டுபிடித்து அப்பாவை வைத்துப் பலகை அடித்தாள். அவளை அவ்வளவு சுறுசுறுப்பாக நான் பார்த்ததே இல்லை.

என் பங்குக்கு நானும் சும்மா இருக்கவில்லை. லீவு போட்டேன். தரையைத் தேய்த்தேன், திரையைத் துவைத்தேன், சாம்பிராணி போட்டேன், மெதுவடை சுட்டேன், கேசரி கிண்டினேன். வருகிற அன்று காலையில் பட்டுப்புடவையை எடுத்தேன். மெர்சி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அம்மா, நீ தனம் ஆன்ட்டி ஆயிட்ட" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். புடவையைத் திரும்ப வைத்துவிட்டு சுடிதார் போட்டுக்கொண்டேன்.

மார்கரெட் அறுபது வயதுக்காரர். சேறு ஒட்டிய பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மெர்சி அவரை அறை அறையாக அழைத்துப்போனாள். ஒயர், வேலி, படுக்கும் இடம், டாக்டர் பேர், எல்லாவற்றையும் காட்டினாள். மார்கரெட் வடையைச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். கடைசியில் என்னைப் பார்த்து, பகலில் நீங்கள் இருப்பீர்கள் அல்லவா என்றார். இருப்பேன் என்றேன். சேகரும் தலையாட்டினார். நான் குட்டி கொடுக்கும் வீடுகளில் பாதியாவது இப்படித் தயாராக இருந்தால் நன்றாக இருக்கும் என்றார் மார்கரெட். மே மாதம் குட்டிகளுக்கு எட்டு வாரம் ஆகும், வந்து ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுந்து மெர்சிக்குக் கை நீட்டினார்.

மெர்சி கையைக் கொடுக்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு இங்கிலீஷில் பேசினாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

அம்மா வீட்டில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார், ஆனால் இருப்பதில்லை என்றாள். அம்மாவுக்குக் காலையிலிருந்து இரவு வரை டியூட்டி, அப்பா பாதி வருஷம் கடலில், நான் ஸ்கூல் முடிந்து மூன்றரைக்கு வந்து கதவைத் திறப்பேன், அதுவரை குட்டி தனியாகத்தான் இருக்கும் என்றாள். சிதம்பரத்தில் எங்கள் மாமா வீட்டிலிருந்து குட்டி வாங்க வந்தவர்களை நான்தான் கேள்வி கேட்டேன், இப்படி ஒரு வீடு என்றால் நான் கொடுத்திருக்கவே மாட்டேன், அதனால் நீங்களும் கொடுக்காதீர்கள் என்றாள்.

சேகர் தரையைப் பார்த்தார். எனக்கு வந்தது கோபம்தான், அதை மறைப்பானேன். ஒரு அந்நியப் பெண்மணியின் முன்னால் என்னைப் பொய்க்காரியாக நிறுத்திவிட்டாளே என்று உடம்பெல்லாம் எரிந்தது. மார்கரெட் என்னைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்து நன்றி சொன்னார். நிலைமை மாறினால் என்னைக் கூப்பிடு, உனக்கென்று ஒன்று வைத்திருப்பேன் என்று சொல்லிவிட்டு பூட்ஸை மாட்டிக்கொண்டு போனார்.

6

கார் போன பிறகு சேகர் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். மெர்சி கேசரித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அழுதிருக்கிறாள் என்பது மூக்கைப் பார்த்தாலே தெரிந்தது. திட்டத்தான் வாயைத் திறந்தேன். உனக்காகத்தானே இவ்வளவும் செய்தேன், ஏழெட்டு மணி நேரம் தனியாக இருந்தால் ஒரு நாய் செத்தா போய்விடும் என்று கேட்டேன். நீ பத்து வயதிலிருந்து சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தனியாக இருக்கவில்லையா என்றும் கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்பது எனக்கே உறைத்தது.

அவள் தமிழில் பதில் சொன்னாள்.

"எனக்குப் பழகிடுச்சும்மா. ஆனா பழகுறதுக்கு எவ்ளோ நாள் ஆவும்னு எனக்குத் தெரியும்ல."

குற்றம் சொல்லும் குரலே இல்லை. சொல்லிவிட்டுக் கேசரியில் இருந்த முந்திரியைப் பொறுக்கித் தின்றாள். நான் எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் முதல் காரியமாக என் மேனேஜரைப் பார்த்தேன். சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை, மூன்று மணிக்கு முடிகிற டியூட்டி வேண்டும் என்றேன். கிடைப்பது கஷ்டம், என்ன காரணம் என்று அவர் கேட்டார். நாய்க்குட்டி வாங்கப்போகிறோம் என்று லீவு கேட்கும்போதே அவரிடம் சொல்லியிருந்தேன். அதனால் சிரித்துக்கொண்டே, குட்டி வந்துவிட்டதா என்றார்.

இல்லை, வீட்டில் பிள்ளை தனியாக இருக்கிறது என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்தினார். ஏழு வருஷமாக என்னோடு வேலை செய்கிறவர். உனக்குச் சின்னப் பிள்ளை இருக்கிறது என்று எனக்குத் தெரியாதே, என்ன வயது என்று கேட்டார்.

பதினான்கு என்றேன்.